வாளி நாறுகிறது, வெயிலைக் காணோம்

வாசகர் கேள்வி:

"கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பார்ட்மென்டில் மூன்றாவது மாடி. தெற்குப் பார்த்த பால்கனி, 12 அடி நீளம், 4 அடி அகலம், கம்பிக் கைப்பிடி. தலைக்கு மேலே அடுத்த மாடியின் பால்கனி. வீட்டில் நான்கு பேர். போன டிசம்பரில் தக்காளி கிலோ கணக்கில் காய்த்தது. அதே இடத்தில் ஏப்ரலில் நட்ட செடிகள் ஒல்லியாக நீண்டு போய், பூவெல்லாம் கொட்டி, ஒரு காய்கூடத் தரவில்லை. ஜூன் மாதம் 25 லிட்டர் பெயின்ட் வாளியில் கம்போஸ்ட் தொடங்கினேன். காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாம் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஊறவைத்த கோகோபீட் ஒரு கை தூவி, இறுக மூடி வைத்தேன். மூன்றாம் வாரமே குடலைப் புரட்டும் நாற்றம். புழு நெளிகிறது. கீழ் வீட்டு அம்மா 'சகிக்கான் வய்ய' (தாங்க முடியவில்லை) என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார். பாதி மக்கியதை அவசரமாகத் தொட்டிகளில் கொட்டினேன், செடிகள் மஞ்சளாகிவிட்டன. சிவப்புக் கீரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. புழு வந்தாலே விஷம் என்கிறார் மாமியார். மண்புழு வாங்கி விட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் கணவர். எது சரி?"

ஆலோசகர் பதில்:

வணக்கம். முதலில் கீழ் வீட்டு அம்மாவைச் சமாதானப்படுத்துவோம். செடியைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் வாளியைக் கெடுத்தது மிச்சச் சோறு மட்டும் இல்லை. 'ஊறவைத்த' கோகோபீட் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்கியது. காய்கறித் தோலில் 100 பங்குக்கு 85 முதல் 90 பங்கு வரை தண்ணீர்தான். ஒரு கிலோ கழிவைப் போட்டால் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், தன் எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் அதைச் சேர்க்கச் சொல்கிறோம். நீங்கள் முன்கூட்டியே அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்துவிட்டீர்கள். நனைந்த துணியால் தரையைத் துடைத்தால் ஈரம் எப்படிப் போகும்? வாளிக்குப் போகும் நார்த்தூள் உலர்ந்தே இருக்க வேண்டும். கட்டியாக வாங்கினால் சுத்தியலால் தட்டி உதிர்த்து அப்படியே போடுங்கள். ஊறவைப்பதெல்லாம் தொட்டிக் கலவைக்கு மட்டும்.

ஈரம் மிஞ்சினால் கழிவுத் துணுக்குகளுக்கு நடுவில் இருக்கும் காற்றிடம் தண்ணீரால் அடைபடும். அதற்கு மேல் இறுக மூடியும் போட்டால், காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஓய்ந்து, காற்றில்லாமல் வாழ்பவை வேலையை எடுத்துக்கொள்ளும். அழுகிய முட்டை நாற்றமும் வாந்தி நாற்றமும் அவற்றின் கைவண்ணம். நாற்றத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் கூடுதல், காற்று போதவில்லை. மூக்கை எரிக்கும் அமோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்த பொருள் குறைவு. புளித்த மாவு வாடை வந்தால் சோறும் பழமும் ஒரே நாளில் கூடுதலாக விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான், அளவு மட்டும் மாறும்: உலர்ந்த நார்த்தூள், கூடவே ஒரு கிளறல்.

நாறும் வாளியைக் கொட்டிவிட வேண்டாம், மீட்டுவிடலாம். மழை இல்லாத ஒரு காலையில் கீழ் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அன்று ஒரு மணி நேரம் வாடை இருக்கத்தான் செய்யும். அகலமான டப்பில் வாளியைக் கவிழ்த்து, கழிவு எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு உலர்ந்த நார்த்தூளைக் கொட்டிக் கைமண்வெட்டியால் பிரட்டுங்கள். கட்டிகளை உடையுங்கள். பிறகு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்து நின்றால் ஈரம் சரி. தண்ணீர் மணிக்கட்டுக்கு ஓடினால் இன்னும் நார்த்தூள் சேர்க்க வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது, கையால் நீர் தெளித்துக்கொள்ளலாம். கலந்ததை இரண்டு வாளிகளில் பாதிப் பாதியாகப் போட்டு, மேலே இரண்டு அங்குலம் நார்த்தூளைப் பரப்பி, மூடிக்குப் பதில் பழைய பருத்தித் துணியைக் கட்டுங்கள். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள். பத்து நாளுக்குப் புதுக் கழிவு கூடாது. இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கி, ஈரமண் வாசனை எட்டிப் பார்க்கத் தொடங்கும்.

வாளிக்கும் மூச்சு விட வழி வேண்டும். பெயின்ட் வாளியின் பக்கங்களில் 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் மூன்று அங்குல இடைவெளியில் சுற்றிலும் நாற்பது துளை, அடியில் எட்டுப் பத்து. டிரில் இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பி போதும். இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு. தட்டில் கறுப்புத் தண்ணீர் தேங்குவதைச் சிலர் 'உரநீர்' என்று பாட்டிலில் பிடித்து வைப்பார்கள். உண்மையில் அது வாளிக்குள் ஈரம் மிஞ்சியதன் அறிகுறி. வீணாக்க மனமில்லை என்றால் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து பூச்செடிக்கு ஊற்றுங்கள், கீரைக்கு வேண்டாம். இடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் பருவமழை) தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். உங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. அதனால் செப்டம்பர்வரை வாளிகளைக் கைப்பிடியோரம் வைக்காமல் உள்சுவரை ஒட்டி வையுங்கள்.

இனித் தினசரி அளவு. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு முக்கால் கிலோ அளவு கழிவு விழும். ஒரு கிலோ கழிவுக்கு 300 கிராம் உலர்ந்த நார்த்தூள். எடை பார்க்கப் பொறுமை இல்லையென்றால், நறுக்கிய கழிவு ஒரு கிண்ணம், நார்த்தூள் ஒரு கிண்ணம். மழை மாதங்களில் ஒன்றரைக் கிண்ணம். கணக்குப் போட்டால் மாதம் ஆறேழு கிலோ நார்த்தூள் செலவாகும். எனவே காய்ந்த பொருள் ஒரு சாக்கு கையில் இல்லாமல் வாளியைத் தொடங்கவே கூடாது. ஜூன் மாதம் தொடங்குகிறவர்கள் அனேகமாக இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: மழைக்காலத்தில் சருகும் கிடைக்காது, கிடைப்பதும் நனைந்திருக்கும். சருகை பிப்ரவரி, மார்ச்சிலேயே மூட்டை கட்டி வையுங்கள். கடையில் 'சகிரிச்சோறு' என்று கேட்டால் நார்த்தூள் தருவார்கள். மர மில்லில் 'அறக்கப்பொடி' மலிவு. ஆனால் மரத்தூள் மக்க ரொம்ப நாள் எடுக்கும், தனியாகப் போட்டால் இறுகியும் போகும். நார்த்தூளோடு நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எதைப் போடலாம், எதைக் கூடாது என்று நீளமான பட்டியல் தேவையில்லை. சாம்பார் சோறு, கூட்டு போன்ற மிச்சங்களை வடிகட்டிப் பிழிந்து, நாளுக்கு ஒரு கைக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பும் எண்ணெயும் சேரச் சேர பின்னால் செடிக்குத்தான் கேடு. ஊறுகாய் கூடவே கூடாது. மீன் செதிலும் குடலும் போடலாம்தான், ஆனால் நாற்றப் புகார் ஓய்கிறவரை வேண்டாம். தேங்காய்ப் பால் பிழிந்த சக்கை கொஞ்சம் கொஞ்சமாக. வாழையிலையை அப்படியே மடித்துப் போட்டால் அதன் மெழுகுப் பரப்பு பிளாஸ்டிக் தாள்போல அடுக்குகளைப் பிரித்துவிடும். கத்தரியால் இரண்டு அங்குலத் துண்டுகளாக்குங்கள். பலாக்காலத்தில் மட்டும் கவனம். ஒரு பழத்தின் மடலும் சடையும் ஒரு வாரக் கழிவை மிஞ்சும், பிசினும் சேர்ந்தது. அதைத் துண்டு போட்டு, ஒரு நாள் செய்தித்தாளில் ஆறவிட்டு, நான்கைந்து நாளாகப் பிரித்துப் போட வேண்டும். பிளாஸ்டிக்கை எடுத்துப்போக ஹரித கர்ம சேனையினர் (உள்ளாட்சியின் கழிவு சேகரிப்புக் குழு) வருவார்கள். சமையலறைக் கழிவு நம் பொறுப்புதான், அதனால் வாளி இல்லாமல் முடியாது.

25 லிட்டர் வாளி உங்கள் வீட்டுக்கு மூன்று நான்கு வாரத்தில் நிறையும். நிறைந்தபின் 45 முதல் 60 நாள் வரை அது சும்மா இருந்து முதிர வேண்டும். வாரம் ஒரு கிளறல் போதும். ஆகவே மூன்று வாளி இல்லாமல் சுற்று ஓடாது. ஒன்று நிறைகிறது, ஒன்று மக்குகிறது, ஒன்று முதிர்கிறது. புது வாளியைத் தொடங்கும்போது பழைய கம்போஸ்ட் இரண்டு கை போட்டால் அதைவிட நல்ல உறைமோர் கிடையாது. முதல் தடவைக்குக் கடையில் கிடைக்கும் இனாக்குலம் (மக்கவைக்கும் நுண்ணுயிர்) பொடியோ, புளித்த மோர் அரை டம்ளரோ போதும்.

மாமியார் கேட்டதற்கு வருவோம். புழுவை ஒரு குச்சியால் எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டுப் பாருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, வளையம் வளையமாகத் தோல், தொட்டால் சற்று முரட்டுத்தனம், வளர்ந்தது முக்கால் அங்குல நீளம்: இப்படி இருந்தால் அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. கழிவை நம்மைவிட வேகமாகத் தின்று தீர்க்கும். அதன் ஈ வீட்டுச் சாப்பாட்டில் வந்து உட்காராது, நோய் பரப்பாது. அதை அப்படியே விடலாம். வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு முனை கூர்ந்து இருந்தால் வீட்டு ஈயின் புழு. மேலே திறந்து கிடந்த கழிவில் ஈ முட்டையிட்டிருக்கிறது. விஷமில்லை என்றாலும் வீட்டுக்கு ஆகாது. மேலே எப்போதும் இரண்டு அங்குலம் உலர்ந்த நார்த்தூள் கிடந்தால் ஈக்கு முட்டையிட இடமே இருக்காது. பொடிக் கொசுபோலப் பறப்பவை பழ ஈ. வாழைப்பழத் தோலிலேயே முட்டையோடு வருகின்றன. தோலை அன்றன்றே நறுக்கி உள்ளே புதைத்தால் குறையும். வெள்ளை நூல் நூலாகப் படரும் பூஞ்சணம் நல்லது, பயப்பட வேண்டாம். எறும்பு வரிசை கட்டினால் வாளி காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கணவர் சொன்ன மண்புழு இந்த வாளிக்கு உதவாது. காற்றில்லாத புளித்த கழிவில் விட்டால் ஒன்று சாகும், இல்லையென்றால் இரவோடு இரவாக ஊர்ந்து வெளியேறி ஹாலுக்கு வரும். பாதி மக்கி, சூடும் புளிப்பும் அடங்கிய கழிவுதான் அவற்றுக்கு உணவு. அதோடு பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் பால்கனிப் பெட்டி 35 டிகிரியைத் தாண்டினால் அவை தாங்காது. முதலில் மூன்று வாளிச் சுற்று ஒருமுறை ஓடட்டும்.

செடி மஞ்சளானதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பாதி மக்கியது. மக்கி முடியாத பொருளை மண்ணில் போட்டால் மீதி வேலை தொட்டிக்குள் நடக்கும். அதைச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டு, வேருக்கான காற்றையும் தின்றுவிடும். கீழ் இலைகள் முதலில் வெளுத்திருக்கும். மேலாகக் கிடப்பதைச் சுரண்டி எடுத்து வாளிக்கே திருப்பி அனுப்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள ரசாயன உரம்) கரைத்து, வாரம் ஒருமுறையாக இரண்டு தடவை ஊற்றினால் பச்சை திரும்பும். ரசாயனமே தொடமாட்டேன் என்ற விரதம் இருந்தால் நன்கு மக்கிய சாணி எரு தொட்டிக்கு இரண்டு கை. பச்சை வர இன்னும் இரண்டு வாரம் கூடக் காத்திருக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றச் சொல்வார்கள். நல்ல உரம்தான், ஆனால் அந்த வாடைக்கும் கீழ் வீட்டு அம்மா வருவார்.

கம்போஸ்ட் முதிர்ந்ததா என்று எப்படித் தெரியும்? நிறம் கறுத்து, அளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்கி, போட்டது எது என்று அடையாளம் தெரியாமல் போயிருக்கும். ஒரு கை எடுத்து ஜிப் கவரில் அடைத்து மூன்று நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள்; மண் வாசனை வந்தால் முடிந்தது, புளிப்பு வந்தால் இன்னும் இரண்டு வாரம். இன்னொரு சோதனை: ஒரு சிரட்டையில் கம்போஸ்ட் நிரப்பிப் பத்துக் கடுகு தூவுங்கள். எட்டுக்குக் குறையாமல் முளைத்தால் செடிக்குப் போடலாம். சின்ன வாளி விதை சாகிற அளவுக்குச் சூடாகாது, ஆகையால் தக்காளியும் பூசணியும் அழைக்காமலே முளைக்கும். கீரை பிடுங்குவதுபோலப் பிடுங்கிவிடுங்கள்.

இப்போது காணாமல் போன வெயில். தெற்குப் பார்த்த பால்கனிக்கு வருடம் முழுக்க வெயில் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். குளிர்நாடுகளுக்கு எழுதிய குறிப்புகளிலிருந்து வந்த நம்பிக்கை அது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். பாலக்காடு ஏறக்குறைய 10.8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 19 வாக்கில் நடுப்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் 24 வாக்கில்தான் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். நடுவில் இருக்கும் நான்கு மாதமும் உங்கள் பால்கனிக்கு நேர் வெயில் கிடையாது, வானவெளிச்சம் மட்டும்தான். அதிலும் மழை மேகம்.

மேல் மாடியின் தளம் 9 அடி உயரத்தில், உங்கள் கைப்பிடிக்கு நேர் மேலே முடிவதாக வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். டிசம்பர் 21 அன்று நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். வெயில் ஆறடி உள்ளே வரும், அதாவது நான்கடியும் நனையும். மார்ச் 21 அன்று அதே வெயில் கைப்பிடியோரம் ஒன்றே முக்கால் அடியோடு நின்றுவிடும். ஏப்ரலில் அதுவும் போய்விடும். நீங்கள் தக்காளி நட்டது அந்த மாதத்தில்தான். வெளிச்சம் தேடி நீண்டது, வலுவில்லாமல் பூத்தது, உள்ள பூவையும் சூடு உதிர்த்தது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி மகரந்தம் கெட்டு, பூ காம்போடு விழும். உரம் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. தழைச்சத்து கூடினால் இலைதான் இன்னும் வரும்.

ஆகவே உங்கள் தக்காளிக் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. செப்டம்பர் நடுவில் நாற்று விடுங்கள். ஒரு மாத நாற்றை அக்டோபர் 15-20 வாக்கில் நடுங்கள். அந்த நேரம் நடுப்பகல் வெயில் மூன்றரை அடி உள்ளே வந்திருக்கும். டிசம்பர் கடைசியில் முதல் பழம், பிப்ரவரி வரை ஓடும். 12 அங்குல குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) ஒரு செடி, அதற்கு மேல் ஆசை வேண்டாம். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் சாதாரணம்: நேற்றுவரை பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே, இன்று தொங்கும். தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தால் வெட்டிய இடத்திலிருந்து பால்போல ஒரு நூல் இறங்குவது தெரியும். இறங்கினால் அந்தப் பையின் மண்ணைக் குப்பையில் சேர்த்துவிடுங்கள், வாளியில் போடவே கூடாது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அனகா, முக்தி, சக்தி ரகங்கள் இந்த நோயைத் தாங்கக்கூடியவை. கிருஷி பவனில் (உள்ளூர் வேளாண் அலுவலகம்) கேட்டுப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை வெறும் வெளிச்சத்தில் வளர்பவற்றோடு திருப்திப்படுங்கள்: புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கற்பூரவல்லி. காந்தாரி மிளகாய் இரண்டு மூன்று வருடம் நிற்கும். மழையில் மந்தமாக இருந்து நவம்பரில் வெயில் வந்ததும் காய்க்கும். ஆனால் உங்கள் பால்கனிக்கென்றே அமைந்த பயிர் இஞ்சி. மே மாதம் முதல் மழையோடு, 20-25 கிராம் எடையுள்ள முளை வந்த துண்டுகள் இரண்டை ஒரு பையில் இரண்டங்குல ஆழத்தில் வைத்தால், நிழல் மாதங்களில் இலை விட்டு, வெயில் வரும்போது கிழங்கு பெருத்து, எட்டு மாதத்தில் தோண்டலாம். அடுத்த மேயில் உங்கள் பைகளுக்கு அதுதான் குடித்தனம்.

கீரைப் புள்ளி இலைப்புள்ளி நோய். மழைக்காலத்தில் சிவப்புத் தண்டுக்கீரையைத்தான் தேடி வரும். வெளுத்த திட்டுகள் கண்ணாடிபோல ஆகி ஓட்டை விழும். மண்ணிலிருந்து தெறிக்கும் தண்ணீரோடு பரவுவதால் இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், நெருக்கத்தைக் கலையுங்கள். பச்சைக் கீரையான கோ-1 இந்த நோயைத் தாங்கும். அதையும் இதையும் கலந்து விதைப்பது இங்கே பழக்கம். சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) பொடி லிட்டருக்கு 20 கிராம் கலந்து தெளிக்கலாம். விதையை எறும்பு தூக்கிப்போனால் கூடவே கொஞ்சம் ரவையைக் கலந்து தூவுங்கள், எறும்பு ரவையோடு போய்விடும். பயறு போட விரும்பினால் கொடி வேண்டாம், பாக்யலட்சுமி போன்ற குத்துச்செடி ரகம் போதும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில்.

நவம்பர் நடுவிலிருந்து உங்களுக்கு வேறு ஒரு சோதனை வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பிப்ரவரி வரை இரைந்துகொண்டே இருக்கும். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் காற்று புதிதில்லை. ஆனால் அங்கே ஆனி ஆடியில் அடிக்கிற காற்று ஈரம் கலந்தது. இது இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் காற்று. மண் நனைந்திருந்தும் இலை ஓரம் கருகினால் காரணம் இதுதான். பால்கனியின் கிழக்கு முனையில் 50 சதவீத நிழல்வலையை ஐந்தடி உயரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் ஷீட் கட்டாதீர்கள். முழுத் தடுப்பு போட்டால் காற்று அதைத் தாண்டிக் குதித்து உள்ளே சுழன்று செடியை முறிக்கும். வலை அதன் வேகத்தைக் குறைத்து வடிகட்டி அனுப்பும்.

காற்று மாதங்களில் காய்க்கும் தக்காளிப் பைக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், காலை மாலை பிரித்து. விரலை இரண்டாம் கணுவரை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அந்த வேளை விட்டுவிடலாம். வெளியூர் போகிறவர்களுக்குக் கோழிக்கோட்டு நீர்வள மையம் பரப்பிய 'திரிநன' முறை நல்லது. இரண்டு செங்கல்மேல் பையை வைத்து, நடுவில் இரண்டு லிட்டர் பாட்டிலைப் படுக்கப் போடுங்கள். பாட்டிலின் மேல்பக்கம் ஒரு துளை; அதிலிருந்து கண்ணாடி இழைத் திரியின் ஒரு பாதி தண்ணீரிலும், மறுபாதி பையின் அடித்துளை வழியாகக் கலவைக்குள்ளும் நிற்க வேண்டும். திரியைப் பை நிரப்பும்போதே வைத்துவிட வேண்டும், பின்னால் குத்தி நுழைத்தால் ஒட்டாது. கொசு வராமல் பாட்டில் வாயை மூடிவையுங்கள்.

பையில் நிரப்பும் கலவையில் எடைதான் முதல் கணக்கு. குடியிருப்புப் பால்கனிகளுக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 300 கிலோ அளவு. அதிலும் வெளி விளிம்பு வலுக்குறைந்த இடம். 12 அங்குலப் பை 18-20 லிட்டர் பிடிக்கும். வெறும் மண் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். ஊறவைத்துப் பிழிந்த நார்த்தூள் இரண்டு பங்கு, முதிர்ந்த கம்போஸ்ட் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு என்றால் 17 கிலோ அளவில் நின்றுவிடும். பன்னிரண்டு பைக்கு ஐந்து கிலோக் கட்டி இரண்டு போதும். கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நாரில் உப்பு இருக்கும். மண் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. செம்புரை மண் என்றால் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. பைக்கு ஒரு சிறு கை டோலோமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி) கலந்து நனைத்து, பத்துப் பதினைந்து நாள் கழித்தே எரு சேர்க்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் கொண்டுவந்தால் (நம் பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரத்துச் சித்தூர் இல்லை) சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே இருக்கும், டோலோமைட் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பன்னிரண்டு பைக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு கை என்றால் மாதம் இரண்டரை, மூன்று கிலோ கம்போஸ்ட்தான் செலவாகும். உங்கள் வாளிகள் மாதம் எட்டுக் கிலோவுக்குக் குறையாமல் தரும். மிஞ்சுவதைத் தொட்டிகளிலேயே திணிக்காதீர்கள். பாதிக்கு மேல் கம்போஸ்ட் ஆனால் கலவை இறுகி, உப்பேறி, வேர் நுனி கருகும். காம்பவுண்டில் தென்னை இருந்தால் அசோசியேஷனில் கேட்டு அதற்குப் போடுங்கள். தண்டை ஒட்டிக் கொட்டாமல், ஆறடி தள்ளி வட்டமாகப் பரப்பி மேலே மண் தள்ளிவிட வேண்டும்.